1 லட்சத்துக்குள்ள ஒரு டபுள் பேஸ் வாங்கின கதை

போன மாசம் ஒரு சின்ன வீடியோ போட்டதுல இருந்து நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க, அது செல்லோவா, எங்க வாங்கின, எவ்ளோ ஆச்சுன்னு. ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி கை வலிக்குது, ஏற்கனவே அத வாசிச்சு வேற கை வலிக்குது, அதனால மொத்தமா இங்க எழுதிடறேன். செல்லோ இல்லைங்க. டபுள் பேஸ். அப்ரைட் பேஸ்னும் சொல்லுவாங்க. நின்னுகிட்டு கட்டிப்பிடிச்சு வாசிக்கறது, என்னை விட உயரம், வயலின் குடும்பத்துக்கு பெரியப்பாவா இல்ல பக்கத்து வீட்டு மாமாவான்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை போட்டுட்டு இருக்காங்க. வயலின் நம்ம ஊருக்கு வந்து 200 வருஷம் ஆச்சு, நம்ம ஆளுங்க அத தரையில உக்காந்து வாசிச்சு சொந்தமாவே ஆக்கிட்டாங்க. இந்த பெரியப்பா மட்டும் இன்னும் வாசல்லயே நிக்கறாரு.

நான் பேஸ் கிட்டார்காரன். பதினஞ்சு வருஷமா சர்ச்சுலயும் கல்யாண கச்சேரி ஆர்கெஸ்ட்ராலயும் வாசிக்கறேன். பழைய எம்.எஸ்.வி. பாட்டு வந்தா அந்த பேஸ நானும் எவ்வளவோ மாதிரி ட்ரை பண்ணி பாத்தாச்சு, டோனை மொத்தமா குறைச்சேன், கம்பிய தாங்கற பிரிட்ஜ் கிட்ட ஸ்பாஞ்ச் கூட சொருகினேன், அந்த "தும்" வரவே இல்ல. லியோ ஃபெண்டர் 1951ல பிரிசிஷன் பேஸ்ங்கற எலக்ட்ரிக் பேஸ் கிட்டார கொண்டு வந்ததே இந்த பெரிய பெட்டிய தூக்கிட்டு அலையற கஷ்டம் போகணும்னு தான், நான் 70 வருஷம் கழிச்சு அந்த கஷ்டத்த காசு குடுத்து வாங்கறேன்னு என் வொய்ஃப் சொன்னா. அவ சொன்னது தப்புன்னு என்னால சொல்ல முடியல.

பட்ஜெட் 1 லட்சம். அதுக்கு மேல ஒரு ரூபா கிடையாதுன்னு வீட்ல ஒப்பந்தம்.

முதல்ல நான் பண்ண இருந்த முட்டாள்தனத்த சொல்லிடறேன். ஆன்லைன்ல ஒரு புது பேஸ் 48,000க்கு போட்டிருந்தான். பளபளன்னு செவப்பு கலர், வில்லு, கவர், வில்லுல தடவற ராசின் எல்லாம் ஃப்ரீ. 48 போனா மீதி 52 கையில இருக்கே, ஆம்ப்ளிஃபயரும் வாங்கிடலாம்னு மனக்கோட்டை. பணம் கட்டறதுக்கு முந்தின நாள் ராத்திரி எனக்கு சொல்லிக்குடுக்கற சாருக்கு அந்த போட்டோவ அனுப்பினேன். அவர் போட்டோவ பெருசு பண்ணி பாத்துட்டு ஒரே கேள்வி கேட்டாரு, "தம்பி, பிரிட்ஜ் எங்க நிக்குது பாத்தியா?" எஃப் ஹோல்னு ரெண்டு பக்கமும் ஓட்டை இருக்கும்ல, அதோட நடுவுல உள்பக்கமா சின்னதா ஒரு வெட்டு இருக்கும், பிரிட்ஜ் அந்த வெட்டுக்கு நேரா நிக்கணும். அந்த போட்டோல நாலு இஞ்ச் கீழ, சரிஞ்சு வேற நின்னுட்டு இருந்துச்சு. விக்கறவனுக்கே பிரிட்ஜ எங்க வெக்கணும்னு தெரியலைன்னா உள்ள என்னத்த பண்ணி வெச்சிருப்பான். "அத வாங்கினா துணி காயப்போடலாம்"னு சொல்லிட்டு போன வெச்சுட்டாரு.

இதுல தான் எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சுது. கிட்டார்னா கடையில வாங்கிட்டு வந்து ட்யூன் பண்ணி வாசிக்கலாம். டபுள் பேஸ் அப்படி இல்ல. பெட்டிய பிரிச்ச உடனே இருக்கறது பாதி பேஸ் தான். பிரிட்ஜோட காலு அந்த பேஸோட வயித்து வளைவுக்கு ஏத்த மாதிரி செதுக்கி உக்காரணும், தலைப்பக்கம் கம்பி உக்கார்ற நட்டு இறங்கணும், விரல் வெச்சு அமுக்கற ஃபிங்கர்போர்ட இழைக்கணும், உள்ள சவுண்ட் போஸ்ட்னு ஒரு குச்சி சரியான இடத்துல நிக்கணும். இத்தனையும் சேர்த்து தான் செட்டப்னு சொல்றாங்க. வெளிநாட்டுல இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. மாச வாடகைக்கு ஒரு பேஸ் எடுத்து பழகிட்டு, அந்த வாடகைய கழிச்சுகிட்டு அதையே வாங்கிக்கறதெல்லாம் அங்க உண்டு. சென்னையில எனக்கு ஆள கண்டுபிடிக்கவே ரெண்டு மாசம் ஆச்சு. கடைசில கிடைச்சது மயிலாப்பூர்ல வயலின் ரிப்பேர் பண்ற ஒரு அண்ணன். டபுள் பேஸ் அவர் கையில தொட்டதே ரெண்டு தடவ தான். ஆனா தைரியமா சொன்னாரு, "வயலின் தானே தம்பி, கொஞ்சம் வளந்துருச்சு, கொண்டா பாப்போம்". ஆள் கிடைச்சப்புறம் தான் பேஸ தேட ஆரம்பிச்சேன். இப்பவும் யார் கேட்டாலும் இந்த வரிசைய தான் சொல்றேன், முதல்ல ஆளு, அப்புறம் தான் பேஸு.

சரி எந்த மாதிரி பேஸ். மூணு ஜாதி இருக்கு. முழுக்க செதுக்கின மரம், அதாவது முன்பக்கம் ஸ்ப்ரூஸ், பின்பக்கமும் சைடும் மேப்பிள். அது என் பட்ஜெட்ட பாத்து சிரிக்கும். ரெண்டாவது ஹைப்ரிட், முன்பக்கம் மட்டும் செதுக்கின மரம், மீதி பிளைவுட். மூணாவது மொத்தமும் பிளைவுட். பிளைவுட்னு கேட்ட உடனே எங்கப்பா "கதவு செய்யறதாடா"ன்னாரு. ஆனா சிகாகோல கே கம்பெனிக்காரங்க 1937ல இருந்து முப்பது வருஷத்துக்கு மேல பிளைவுட் பேஸ ஃபேக்டரில செஞ்சு தள்ளினாங்க, ஸ்கூல் பேண்டுல இருந்து ஜாஸ், ப்ளூகிராஸ், ராக்கபில்லி வரைக்கும் எத்தனையோ பேர் அதுல தான் வாசிச்சாங்க, இன்னிக்கும் பழைய கே கிடைச்சா விடமாட்டாங்க. அதனால பிளைவுட்ல அவமானம் ஒண்ணும் இல்ல. அதுலயும் நம்ம ஊரு காத்துக்கு பிளைவுட் தான் சரின்னு நான் அடிச்சு சொல்வேன். முழு மரத்துல செதுக்கின பலகை ஈரத்த குடிச்சு உப்பும், ஏசி போட்டா சுருங்கும், அக்டோபர் மழைல ஒரு பேஸு, மே மாசத்துல வேற பேஸு. சுருங்கறப்போ ஓரம் விட்டுப்போகும், இல்லைன்னா மரமே பொளந்துக்கும். பிளைவுட்ல ஒரு அடுக்கு நேரா, அடுத்த அடுக்கு குறுக்கன்னு ஒட்டியிருக்கறதால அவ்வளவு ஆட்டம் கிடையாது. சவுண்ட் கொஞ்சம் மந்தமா இருக்கும், வில்லு போட்டா அது நல்லாவே தெரியும். நான் விரலால தான் வாசிக்கப்போறேன், பரவால்ல.

பிளைவுட்டா செதுக்கினதான்னு எப்படி தெரிஞ்சுக்கறதுன்னா, எஃப் ஹோலோட விளிம்ப டார்ச் அடிச்சு பாருங்க. மேல தெரியற கோடு அப்படியே விளிம்புலயும் இறங்கினா ஒரே மரம். சாண்ட்விச் மாதிரி அடுக்கு தெரிஞ்சா பிளைவுட். பெயிண்ட் அடிச்சு மறைச்சிருந்தா விக்கறவர் மூஞ்சிய பாருங்க.

சைஸ் பத்தி ஒரு வார்த்தை. பெரியவங்களுக்கு சாதாரணமா முக்கால் சைஸ், 3/4 தான். முக்கால்னு பேர கேட்டு சின்னப்பசங்களுக்குன்னு நெனச்சு முழு சைஸ் தேடாதீங்க, நான் தேடினேன். முக்கால் சைஸ்லயே நட்டுல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் கம்பி நீளம் 41, 42 இஞ்ச் வரும். பேஸ் கிட்டார்ல 34. அந்த ஏழு எட்டு இஞ்ச் வித்தியாசம் படிக்கறப்போ ஒண்ணும் தெரியாது, வாசிக்கறப்போ சுண்டுவிரல் அழும்.

கடைசில பெங்களூர்ல ஒரு பையன் வித்தான். சைனால செஞ்ச பிளைவுட் பேஸ், எட்டு வருஷம் பழசு, வேலை கிடைச்சு கனடா போறான், பிளைட்ல இத கொண்டு போறதுக்கு பேஸ் விலைய விட அதிகமா கேக்கறாங்களாம். 75,000 சொன்னான். சார் கூட வரேன்னுட்டாரு, மச்சானோட எர்டிகாவ வாங்கிகிட்டு விடியக்காலைல நாலு மணிக்கு கிளம்பினோம்.

அங்க போய் சார் பாத்த விதம் இருக்கே, பொண்ணு பாக்கப்போன மாதிரி இல்ல, மாடு வாங்கப்போன மாதிரி. பேஸ வாசிக்கவே இல்ல முதல்ல. கட்டில்ல சாய்ச்சு வெச்சு ஓரம் பூரா விரல் முட்டியால தட்டிகிட்டே வந்தாரு, மண்பானை வாங்கறப்போ தட்டிப் பாப்பாங்கல்ல அதே தான். ஒட்டு விட்டுப்போன இடத்துல மட்டும் சத்தம் உடைஞ்சு சலசலக்கும். கீழ் இடுப்பு கிட்ட ஒரு அரை அடிக்கு சலசலத்துச்சு. எனக்கு பகீர்னுச்சு, அவர் அலட்டிக்கல. மேல் பலகையையும் சைடையும் வஜ்ஜிரத்துல தான் ஒட்டுவாங்களாம், காஞ்ச தோல காய்ச்சி எடுக்கற நம்ம ஆசாரிங்க பழைய பசை. அது வேணும்னே பலம் கம்மியா வெக்கறது, மரம் இழுத்தா பலகை பொளக்காம ஒட்டு விடணும்னு. விட்ட ஒட்ட திரும்ப ஒட்டிடலாம். அவர் பயந்து பயந்து பாத்தது ரெண்டு இடம் தான். ஒண்ணு கழுத்து உடம்போட சேர்ற இடம், இன்னொண்ணு தலைக்கு கீழ கழுத்து மெலிசாகற இடம். பேஸ் ஒரு தடவ மல்லாக்க விழுந்திருந்தா அங்க தான் உடைஞ்சிருக்கும், ஒட்டி பெயிண்ட் அடிச்சிருந்தாலும் ஒரு மயிரிழை கோடு தெரியும். ரெண்டு இடமும் சுத்தம்.

அப்புறம் ஃபிங்கர்போர்டு. நல்லதுன்னா எபனி, கருங்காலி ஜாதி மரம். மலிவு பேஸ்ல வெள்ளை மரத்துக்கு கருப்பு சாயம் அடிச்சிருப்பான், கம்பி தேய்ச்ச இடத்துல வெளுத்துப் போயிருக்கும். இதுல வெளுக்கல. தலைப்பக்கம் கண்ண வெச்சு ஒத்தக்கண்ணால நீளமா பாத்தாரு, நடுவுல லேசா ஒரு குழிவு இருக்கணுமாம், மேடு இருந்தா கம்பி அதுல பட்டு அதிரும். கழுத்தோட அடில கட்டைவிரல் போய் முட்டற இடத்துல நின்னு, நாலுல மெலிசான ஜி கம்பிய ஆள்காட்டி விரலால அமுக்கினா டி வருதா, இல்ல அரை சுரம் மேல ஈ ஃப்ளாட் வருதான்னு பாக்கணும், ரெண்டுல எதுவா இருந்தாலும் ஓகே, நடுவுல ஏதாவது வந்தா வாழ்நாள் பூரா ஸ்ருதி தேடிட்டே இருக்கணும். இதுல டி. எல்லாம் முடிஞ்சப்புறம் தான் ஒவ்வொரு கம்பிலயும் ஒவ்வொரு சுரமா, மெதுவா, கடைசி வரைக்கும் வாசிச்சாரு. ஏ கம்பில ஒரு இடத்துல ஓநாய் மாதிரி ஊளை. "எல்லா பேஸ்லயும் ஒரு ஓநாய் இருக்கும், இது சின்ன ஓநாய்"ன்னாரு.

கம்பி உயரம் மட்டும் அநியாயம். ஃபிங்கர்போர்டு முடியற இடத்துல தடிமனான ஈ கம்பி 14 மில்லிமீட்டர் தூக்கிட்டு நின்னுச்சு. விரலால வாசிக்கறவங்களுக்கு ஈ ஒரு 8, 9, ஜி ஒரு 5, 6 இருந்தா சுகம். இந்த உயரத்தையும் விட்டுப்போன ஒட்டையும் காட்டி பேரம் பேசி 62,000க்கு முடிச்சோம். வில்லு கிடையாது, கவர் மட்டும் குடுத்தான். கிளம்பறப்போ பையன் பேஸ ஒரு தடவ தடவிக் குடுத்துட்டு "பாத்துக்கோங்க ப்ரோ"ன்னான். மாடு வாங்கப்போனதுன்னு சும்மா சொல்லல.

திரும்பி வர்றப்போ ஆம்பூர்ல பிரியாணி. உச்சி வெயில். மூடின கார்ல பேஸ விட்டுட்டு போனா அந்த வஜ்ஜிரம் இளகிடும், அதனால ஒருத்தர் சாப்பிடறப்போ ஒருத்தர் ஏசி போட்டு கார்ல காவல். பிரியாணிய அஞ்சு நிமிஷத்துல விழுங்கினேன், அந்த துக்கம் இன்னும் இருக்கு. சாயங்காலம் பெரம்பூர் வந்து சேர்ந்தா வாட்ச்மேன் கேட்டாரு, "சார், புது ஃப்ரிட்ஜா?" லிஃப்டுல நேரா நிக்கல, குறுக்கயும் நிக்கல, மூணு மாடியும் படில. எடை என்னமோ பத்து கிலோ தான், ஆனா திருப்பத்துல திரும்பணுமே. அம்மா கதவ திறந்து பாத்துட்டு "இத உக்காந்து வாசிக்க முடியாதாடா"ன்னு மட்டும் கேட்டாங்க.

மயிலாப்பூர் அண்ணன் ஒரு வாரம் வெச்சிருந்தாரு. பிரிட்ஜ இறக்கி, காலு செதுக்கி, நட்டு அறுத்து, ஒட்டு போட்டு 9,000. கம்பி மேல கொஞ்சம் யோசிச்சேன். ஜாஸ் ஆளுங்க பாதிப்பேர் தோமாஸ்டிக் ஸ்பைரோகோர் கம்பி தான் சொல்வாங்க, வருஷக்கணக்கா உழைக்கும், ஆனா விலை என் கைல இல்ல. டடாரியோ ஹெலிகோர் ஹைப்ரிட் ஒரு செட் 17,500க்கு வாங்கினேன். நாலு கம்பிக்கு 17,500. என்னோட முதல் பேஸ் கிட்டாரே 9,000 தான்.

இங்க தான் என் கை சும்மா இல்லாம போச்சு. கம்பி மாத்தறதுக்கு எதுக்கு அண்ணன் கிட்ட போகணும், பதினஞ்சு வருஷமா மாத்தறேனேன்னு வீட்லயே உக்காந்து பழைய நாலையும் ஒரே நேரத்துல கழட்டினேன். மூணாவது லூசாகறப்பவே பிரிட்ஜ் சாய்ஞ்சு கையில வந்துருச்சு. நாலாவது கழண்டுச்சு, உள்ள "டொக்"னு ஒரு சத்தம். அப்புறம் ஏதோ உருண்டுச்சு. வொய்ஃப் கிச்சன்ல இருந்து "ஏங்க, எலியா?"ன்னா. எலி இல்ல, சவுண்ட் போஸ்ட். ஜி கம்பி பக்கத்து பிரிட்ஜ் காலுக்கு கொஞ்சம் பின்னாடி, முன் பலகைக்கும் பின் பலகைக்கும் நடுவுல முட்டுக்குடுத்து நிக்கற ஒரு மரக்குச்சி. அத ஒட்டவே மாட்டாங்க, கம்பி இழுக்கற பாரத்துல தான் அது நிக்குது. பாரம் போச்சுன்னா விழுந்துடும். பிரெஞ்சுக்காரங்க அதுக்கு வெச்ச பேரே ஆன்மா. நான் என் பேஸோட ஆன்மாவ கழட்டிட்டு எஃப் ஹோல் வழியா டார்ச் அடிச்சு தேடிட்டு இருந்தேன். ஒவ்வொரு கம்பியா மாத்தணும், ஒண்ண கழட்டி புதுச போட்டு இறுக்கிட்டு தான் அடுத்தத தொடணும், இத யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சார் சொன்னாராம். எனக்கு ஞாபகம் இல்ல.

பேஸ படுக்கப்போட்டு, குலுக்கி, எஃப் ஹோல் வழியா குச்சிய வெளிய எடுத்து மறுபடி மயிலாப்பூர். போஸ்ட்ட நிறுத்தறதுக்கு வளைஞ்ச கம்பி ஒண்ணு இருக்கு, அண்ணன் கிட்ட இருந்தது வயலின் சைஸு. டபுள் பேஸுக்கு எட்டல. பக்கத்து வெல்டிங் கடைல ஒரு இரும்பு ராட வளைச்சு கூர் வெச்சு வாங்கிட்டு வந்து, பல் டாக்டர் கண்ணாடி ஒண்ண உள்ள விட்டு பாத்துகிட்டே முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டி நிறுத்தினாரு. காசு வேணாம்னுட்டாரு, "அந்த ராடு எனக்கு இருக்கட்டும்"னாரு.

வில்லு 6,000க்கு சாதாரணமா ஒண்ணு, ஜெர்மன் ஸ்டைல், கைய கீழ இருந்து புடிக்கறது. ராசின் 1,200. ராசின் பத்தி ஒரு எச்சரிக்கை, டபுள் பேஸ் ராசின் வயலின் ராசின் மாதிரி கண்ணாடியா இருக்காது, மெத்துன்னு இருக்கும், பாப்ஸ்னு ஒண்ணு இருக்கே அது சாதாரண நாள்லயே லேசா வழியும். நான் அத மே மாசம் கார் டேஷ்போர்டுல வெச்சிட்டு அண்ணா நகர்ல படம் பாக்கப் போயிட்டேன். வந்து பாத்தா கோதுமை அல்வா. டேஷ்போர்டு ஓரம் பூரா இறங்கி ஏசி ஓட்டைக்குள்ள போயிருந்துச்சு, மச்சான் கார். அவர் இன்னும் நல்லா பேசல.

கணக்கு பாத்தா பேஸ் 62,000, பெங்களூர் டீசல் டோல் பிரியாணி எல்லாம் சேர்த்து 5,000, செட்டப் 9,000, கம்பி 17,500, வில்லு 6,000, ராசின் 1,200. மொத்தம் 1,00,700. அந்த 48,000 பேஸ வாங்கியிருந்தா ஃபிங்கர்போர்டு, பிரிட்ஜ், கம்பி எல்லாம் மாத்தி இதே லட்சத்த தாண்டியிருக்கும், அப்பவும் அது துணி காயப்போடற பேஸு தான். 700 ரூபா எப்படி ஏறுச்சுன்னு வொய்ஃப் கேட்டா. பிரியாணின்னேன்.

வாசிக்கறது எப்படி போகுதுன்னு கேட்டா, மெதுவா. பேஸ் கிட்டார் கழுத்துல குறுக்குக்கோடா இருக்கற ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல்னு பழகின கை, இங்க கீழ் இடத்துல ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் மூணு தான், மோதிர விரல் சுண்டுவிரலுக்கு தொணையா நிக்கும். கோடும் கிடையாது புள்ளியும் கிடையாது, காது சொல்ற இடம் தான் சுரம். முதல் வாரம் கொப்புளம், ரெண்டாவது வாரம் கொப்புளத்துக்கு மேல கொப்புளம். ஆனா ஒரு நாள் ராத்திரி லைட்ட அணைச்சிட்டு ஈ கம்பிய சும்மா ஒரு தட்டு தட்டினேன், 41 ஹெர்ட்ஸ், காதுக்கு வர்றதுக்கு முன்னாடி வயித்துக்கு வந்துச்சு, பேஸ் முதுகு என் இடுப்புல தான சாய்ஞ்சிருக்கு. அந்த "தும்". ஸ்பாஞ்ச் சொருகி வராதது.

மறுநாள் கீழ் வீட்டுக்காரர் வந்து மோட்டார் ஏதாவது ஓடுதான்னு கேட்டாரு. ரப்பர் ஷீட் ஒண்ணு கீழ போட்டேன், ஓரளவு பரவால்ல. ஆனா போன வாரம் அடிக்குச்சியோட ரப்பர் முனை தேய்ஞ்சு இரும்பு தரைல வழுக்க ஆரம்பிச்சிருச்சு. மியூசிக் கடைல கேட்டா வரவழைக்கணும், ரெண்டு மாசம் ஆகும்னாங்க. சார் தான் சொன்னாரு, மெடிக்கல் ஷாப்புக்கு போ, ஊன்றுகோலுக்கு போடற ரப்பர் புஷ்ஷு கேளு, அதே சைஸ்னு. போனேன். 40 ரூபா. கடைக்கார அம்மா கவர்ல போட்டு குடுத்துட்டு ரொம்ப அக்கறையா கேட்டாங்க, "வீட்ல யாருக்குப்பா கால் சரியில்ல?"

"பெரியப்பாவுக்கு"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.